சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் வரவில்லை: தாங்கியிலிருந்து நொசில் வரை ஒரு தேடல்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் புரட்டாதி பாதி கழிந்துவிட்டால் உழவு இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு நித்திரை குறைந்துவிடும். காலபோக நெல்லைப் புழுதியில் விதைப்பவர்கள் மழைக்கு முன்னரே நிலத்தை இரண்டு தரமாவது உழுது வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழை இறங்கிய பின்னர் தாழ்ந்த வயல்களில் சில்லுப் புதையத் தொடங்கிவிடும். அந்தச் சில கிழமைகளுக்குள் ஓர் இயந்திரம் நின்றுபோனால், அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி, பரப்புக் கணக்கில் உழவுக்குச் சொல்லிவைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அயலவர் எல்லோருக்கும் அது இடைஞ்சலாகிவிடுகிறது. அப்படி நின்றுபோகும் இயந்திரங்களில் பல, "சுற்றுது, ஆனால் ஸ்டார்ட் வருகுதில்லை" என்ற ஒரே முறைப்பாட்டோடுதான் நிற்கின்றன. அதற்கு எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லப்படும் தீர்ப்பும் ஒன்றேதான்: "பம்ப் போட்டுது."

அந்தத் தீர்ப்பை நான் எளிதில் ஏற்பதில்லை. டீசல் பம்ப் பழுதாவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. அது பழுதாகும், பழுதானால் செலவும் பெரிது. ஆனால் பம்பைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்க வேண்டும். அதற்கு முன்னர் டீசல் தாங்கியின் மூடியில் தொடங்கி, டீசல் போகும் வழியே, இடையில் ஒரு மூட்டைக்கூடத் தாண்டிப் போகாமல் பார்த்து வர வேண்டும். 2023ஆம் ஆண்டுக் காலபோக உழவின்போது என்னுடைய இயந்திரம் மட்டுவில் பக்கத்து வயலொன்றில் நின்ற கதையை அதற்காகவே எழுதுகிறேன்.

என்னுடையது மஸி பெர்குசன் 135. அறுபதுகளின் நடுப்பகுதியில் வெளிவரத் தொடங்கிய மாதிரி அது. யாழ்ப்பாணத்தில் இன்றும் உழுதுகொண்டிருக்கிறது. மூன்று சிலிண்டர் கொண்ட, 152 கன அங்குல, அதாவது ஏறத்தாழ 2.5 லீற்றர் கொள்ளளவுள்ள பேர்கின்ஸ் எஞ்சின். டீசல் பம்ப் சி.ஏ.வி. நிறுவனத்தின் டி.பி.ஏ. வகை, ஒரே சுழலியிலிருந்து, சிலிண்டருக்குள் சீறவிடும் மூன்று நொசில்களுக்கும் முறைவைத்து டீசலைப் பங்கிட்டுக் கொடுப்பது. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இந்த வகைப் பழைய எஞ்சின்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். புதிய இயந்திரங்களில் வேறுபடும் இடங்களைப் பின்னால் குறிப்பிடுகிறேன்.

டீசல் எஞ்சினில் பொறி வைக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை ஏறத்தாழ 18இல் ஒரு பங்களவுக்கு நெரிக்கும்போது அது பல நூறு பாகை வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டுக்குள் சரியான கணத்தில் மிக நுண்ணிய துளிகளாகச் சீறிப் பாயும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால், காற்று வரவில்லை, அல்லது நெரிப்புப் போதவில்லை, அல்லது டீசல் வரவில்லை, அல்லது வர வேண்டிய கணத்தில் வரவில்லை. இவற்றுக்கு வெளியே தேடுவதற்கு அதிகம் இல்லை. பெற்றோல் எஞ்சின்காரருக்கு இருக்கும் கொயில், பொயின்ற் போன்ற தலையிடிகள் எதுவும் எங்களுக்கு இல்லை என்பது ஓர் ஆறுதல்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுவது வேறு, போதிய வேகத்தில் சுற்றுவது வேறு. மெதுவாகச் சுற்றும் எஞ்சினில் நெரிபடும் காற்று பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாகக் கசிந்துவிடும். எஞ்சியதன் சூட்டையும் சிலிண்டரின் இரும்பு உறிஞ்சிவிடும். பற்றறி பலவீனமாக இருக்கும்போது காதுக்கு எஞ்சின் சுற்றுவதுபோலவே கேட்கும், ஆனால் உள்ளே பற்றுவதற்குரிய சூடு எழுவதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும்போதே 12 வோல்ட் பற்றறியின் முனைகளை மீற்றரால் அளக்க வேண்டும். ஒன்பதரை வோல்ட் அளவுக்குக் கீழே விழுந்தால் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னர் பற்றறியையும், அதன் முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை மாவையும், எஞ்சினுடன் இணையும் எர்த் வயரையும் கவனிக்க வேண்டும். எர்த் வயர் பூட்டியிருக்கும் இடத்தில் பெயின்றும் துருவும் இருந்தால் புதுப் பற்றறி வாங்கியும் பயனில்லை. என் இயந்திரத்தில் அன்று இந்தக் குறை இருக்கவில்லை. எஞ்சின் துடிப்பாகவே சுற்றியது.

நடந்தது இதுதான். காலையில் ஒரு வயலை முடித்துவிட்டுத் தேநீருக்காக எஞ்சினை நிறுத்தினோம். சூடு ஆறாத எஞ்சின், திரும்ப அடித்தபோது பிடிக்கவில்லை. அப்பொழுது முதலில் பார்க்க வேண்டியது புகையை. ஒருவர் ஸ்டார்ட் அடிக்க, மற்றவர் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். சுற்றும்போது வெள்ளையாகவோ வெளிறிய சாம்பல் நிறமாகவோ புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். கறுத்த புகை வந்தால் டீசல் எரிகிறது, காற்றுப் போதவில்லை. புகையே வரவில்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவேயில்லை. இந்த ஒரு பார்வை தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. எங்கள் குழாயிலிருந்து அன்று ஒரு இழை புகைகூட வரவில்லை.

புகை வராத இயந்திரத்தை இன்னோர் இயந்திரத்தில் கட்டி இழுப்பதில் அர்த்தமில்லை. ஆனாலும் அயலில் இருந்தவர்கள் கயிறோடு வந்துவிட்டார்கள். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். பற்றறி செத்த வண்டியை உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதற்கு ஒரு சரிவுகூடக் கிடையாது. அதனால் கட்டி இழுப்பது இங்கே ஒரு பழக்கமாகவே ஊறிவிட்டது. எரிபொருளும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வரத் தடையிருந்த தொண்ணூறுகளில் அது தேவையாகவும் இருந்தது. ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டரே நன்றாகச் சுற்றும்போது, இழுத்துச் சுற்றுவதால் டீசல் எங்கிருந்தும் புதிதாக வந்துவிடப் போவதில்லை. சிலிண்டருக்குள் தண்ணீரோ டீசலோ தேங்கியிருக்கும் எஞ்சினை இழுத்தால் பிஸ்டனோடு இணைந்திருக்கும் தண்டான கொன்ராட் வளைந்துபோகும் ஆபத்தும் உண்டு.

இன்னொருவர் பெற்றோலில் நனைத்த சீலையைக் காற்று இழுக்கும் வாயில் பிடிக்கச் சொன்னார். இதை நான் அடியோடு மறுக்கிறேன். பெற்றோல் ஆவியும், போத்தலில் விற்கும் ஸ்டார்ட் ஸ்பிறேயும் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு முன்னரே வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக் கூடியவை. கையும் முகமும் எரிவதற்கும் வாய்ப்புண்டு. அதைவிட, டீசல் வராத எஞ்சின் அந்த ஆவி தீரும்வரை மாத்திரம் ஓடிவிட்டு மறுபடி நிற்கும். அதனால் தெரிந்துகொள்வதும் சொற்பமே.

புகை இல்லாதபோது பார்க்க வேண்டிய சின்ன விடயங்கள் மூன்றை விரைவாக முடித்தோம். தாங்கியில் டீசல் இருந்தது. தாங்கியின் அடியில் டீசலைத் திறந்து மூடும் திருகுபிடி திறந்திருந்தது. எஞ்சினை நிறுத்தும் இழுவை வயர் முழுதாக உள்ளே போயிருந்தது. மூன்றாவதைச் சும்மா கைப்பிடியைப் பார்த்துவிட்டு விடக்கூடாது. கைப்பிடி உள்ளே போயிருந்தாலும் வயர் துருப்பிடித்து இறுகி, பம்பில் இருக்கும் சிறு நெம்புகோல் நிறுத்திய நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. பம்பின் அருகே போய் அந்த நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். கொடிகாமம் பக்கம் ஓர் இயந்திரம் இந்த ஒரு வயரினால் கராஜ் வரைக்கும் இழுவைப் பெட்டியில் ஏறிப் போனதை நான் அறிவேன்.

பிறகு எயர் எடுத்தோம். டீசல் பாதைக்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் பம்ப் அந்தக் காற்றை நெரித்துக்கொண்டிருக்குமே தவிர, நொசிலைத் திறக்கும் அழுத்தம் எழாது. எடுக்கும் ஒழுங்கு முக்கியம்: தாங்கிக்கு அருகில் இருப்பது முதலில், நொசில் கடைசியில். பில்டரின் தலையில் இருக்கும் திருகாணியைச் சற்றுத் தளர்த்தி, எஞ்சினின் பக்கவாட்டில் இருந்து, தாங்கியின் டீசலை இழுத்துக் கொடுக்கும் சிறிய ஏற்றுப் பம்பின் கைநெம்புகோலை மேலும் கீழும் அடிக்க வேண்டும். நுரையாக வருவது தெளிந்த டீசலாக மாறியதும், அடிப்பதை நிறுத்தாமலே திருகாணியை இறுக்க வேண்டும். அடுத்து டீசல் பம்பின் பக்கத்தில் இருக்கும் திருகாணி, அதன் பின் பம்பின் மேல்மூடியில் இருப்பது. கைநெம்புகோல் தளர்ந்து, அடித்தும் ஒன்றும் ஏறாததுபோல் இருந்தால் ஏற்றுப் பம்ப் பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். உள்ளே அதைத் தள்ளும் காம் உச்சியில் நிற்கும்போது நெம்புகோலுக்கு வேலை இருக்காது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் மறுபடி பிடிக்கும்.

இவ்வளவும் முடிந்தபின் நொசில்களுக்குப் போகும் உருக்குக் குழாய்களின் நட்களை அரைச் சுற்றுத் தளர்த்தி, நிறுத்தும் கைப்பிடி உள்ளே இருக்க, வேகக் கைப்பிடியை முழுதாகத் திறந்து ஸ்டார்ட் அடித்தோம். ஒவ்வொரு நட்டின் ஓரத்திலும் டீசல் விட்டுவிட்டுத் துடித்து வழிய வேண்டும். வழிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக இறுக்க வேண்டும். இந்த வேளையில் கையை எந்தக் கசிவுக்கும் நேரே வைக்கக்கூடாது. நொசிலைத் திறக்கத் தேவைப்படும் அழுத்தம் நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டியது. நூல் போன்ற ஒரு சீறலும் தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். துளைத்த இடம் ஊசி குத்தியதுபோலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனடியாகச் சத்திர சிகிச்சை தேவைப்படும் காயம். நாளைக்குப் பார்ப்போம் என்று வீட்டில் இருந்தவர்கள் விரலை இழக்கக்கூடும். ஸ்டார்ட்டர் மோட்டரையும் ஒரே தடவையில் பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையிடையே ஆறவிட வேண்டும்.

எஞ்சின் பிடித்தது. அன்று மாலைவரை உழுதோம். மறுநாட் காலையில் மறுபடி அதே நிலை: துடிப்பாகச் சுற்றுகிறது, புகை இல்லை. எயர் எடுத்தால் பிடிக்கிறது. சற்று நேரம் உழுதபின் கொழு ஆழமாக இறங்கும் இடங்களில் இழுவை குறைகிறது. பாரமில்லாமல் ஓடவிட்டால் தெளிகிறது. நிறுத்தினால் திரும்பப் பிடிக்கவில்லை. ஏற்றுப் பம்புக்குப் போகும் குழாயின் செப்பு வாசர்களைப் புதிதாக மாற்றினோம். ஒரு நாள் சரியாக ஓடியது, பிறகு பழைய கதை. "பம்ப் போட்டுது" என்றவர்களின் குரல் இப்பொழுது உயர்ந்துவிட்டது.

சாவகச்சேரியிலிருந்து வந்த மெக்கானிக், எங்கள் அப்பாவின் காலத்திலிருந்தே இந்த எஞ்சின்களோடு சீவிப்பவர். வந்ததும் அவர் பம்பைத் தொடவில்லை. "தம்பி, முதல்லை தாங்கியிலையிருந்து என்ன வருகுது எண்டு பாப்பம். பம்ப் எங்கையும் ஓடிப்போகாது" என்றார். ஏற்றுப் பம்புக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அதன் வாயை ஒரு போத்தலுக்குள் விட்டு, திருகுபிடியைத் திறந்தார். இந்த மாதிரியில் தாங்கி எஞ்சினுக்கு மேலே, பொனற்றுக்குக் கீழே இருக்கிறது. ஆகவே டீசல் தன் பாரத்தினாலேயே தடித்த தாரையாக விழ வேண்டும். முதலில் அப்படித்தான் விழுந்தது. அவர் குழாயை எடுக்கவில்லை. போத்தல் நிறையும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். பாதி நிறைவதற்குள் தாரை மெலிந்து, பின் சொட்டாக மாறியது. தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார், மாற்றமில்லை. மூடியில் இருக்கும் மூச்சுத் துவாரம் அடைபட்டிருந்தால் மூடியைத் திறந்த உடனே காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்கும், தாரையும் பழையபடி விழும். அது இல்லையென்றானபின், அடைப்பு தாங்கியின் வாயில்தான்.

இங்கேதான் இந்த அனுபவத்தின் முக்கியமான பகுதி இருக்கிறது. காற்றுப் புகுந்தது உண்மை. பழைய வாசர் ஒன்றின் வழியே புகுந்ததும் உண்மை. ஆனால் தாங்கி மேலே இருக்கும் எஞ்சினில், வழி திறந்திருக்கும்வரை தளர்ந்த மூட்டு ஒன்று டீசலை வெளியே சொட்டவிடுமே தவிரக் காற்றை உள்ளே இழுக்காது. தாங்கியின் வாய் அடைபட்டபின் ஏற்றுப் பம்ப் உறிஞ்சத் தொடங்குகிறது. அடியில் நசுங்கிய குழாயால் இளநீர் உறிஞ்சுபவரின் வாய்க்கு, குழாயில் எங்கே ஒரு கீறல் இருக்கிறதோ அங்கிருந்து காற்றுத்தான் வரும். நாங்கள் மூட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தால், அடுத்த பலவீனமான மூட்டுத் தன் முறைக்குக் காத்திருந்திருக்கும். மூட்டில் ஈரம் இல்லாமலே எயர் பிடிக்கிறதென்றால், அந்த மூட்டுக்கும் தாங்கிக்கும் இடையில் அடைப்பு இருக்கிறதென்று முதலில் சந்தேகிக்க வேண்டும். எஞ்சினைவிடத் தாங்கி தாழ்ந்திருக்கும் இயந்திரங்களில் இந்தக் கணக்கு மாறும். அங்கே அடைப்பு இல்லாமலே மூட்டுக் காற்றிழுக்கும்.

அவர் இன்னொரு சோதனையும் செய்தார், அதைத்தான் இப்பொழுது நான் எல்லோருக்கும் முதலில் சொல்கிறேன். ஐந்து லீற்றர் கான் ஒன்றில் வடித்த சுத்தமான டீசலை நிரப்பி, சூடான புகைக்குழாய்க்குத் தூரமாக, தாங்கியின் உயரத்துக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஒரு ரியூபை நேரே ஏற்றுப் பம்பின் வாய்க்குப் பூட்டி எயர் எடுத்தார். அந்தக் கானிலேயே எஞ்சின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. நிறுத்தி அடித்தபோதெல்லாம் முதற் சுற்றிலேயே பிடித்தது. ஏற்றுப் பம்ப், பில்டர், டீசல் பம்ப், நொசில்கள் எல்லாம் அந்த ஒரே சோதனையில் குற்றமற்றவையாகிவிட்டன. கழற்றிக் கொழும்புக்கு அனுப்பவிருந்த பம்பில் ஒரு திருகாணிகூடக் கழறவில்லை.

தாங்கியை வடித்துத் திருகுபிடியைக் கழற்றியபோது, அதன் மேல் உட்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் சல்லடை, கறுத்த கூழால் மூடியிருந்தது. சேறும் துருப்பொடியும் மட்டுமல்ல. விரலில் வழுக்கும் பாசி போன்ற ஒன்று. டீசலின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றால், அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து இப்படி ஒரு படலத்தை உண்டாக்கும். இயந்திரம் ஓய்ந்து நிற்கும்போது கூழ் சல்லடையிலிருந்து விலகி அடியில் படிகிறது. அதனால்தான் முதலில் தாரை நன்றாக விழுந்தது. ஓடி, குலுங்கி, டீசல் இழுபட இழுபட அது மறுபடி சல்லடையில் வந்து ஒட்டிக்கொள்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு 2022ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். டீசலுக்காக நிரப்பு நிலையங்களின் முன்னால் இரவு பகலாக வரிசையில் நின்ற காலம், கியூ.ஆர். அட்டை வந்து பங்கீடு தொடங்கிய பின்னரும், கிடைத்ததைக் கிடைத்தபோது வாங்கி, கிடைத்த பாத்திரத்தில் சேர்த்து வைத்த காலம். பழைய இரும்புப் பரல், வேறு எதற்கோ இருந்த பிளாஸ்டிக் கான், மூடி தொலைந்த பீப்பா என்று எல்லாவற்றிலும் டீசல் நின்றது. மாரி முழுவதும் அரைவாசி நிரம்பிய பரலின் உட்சுவரில் ஈரக்காற்றுப் படிந்து நீராகி அடியில் இறங்கியிருக்கும். தட்டுப்பாடு முடிந்துவிட்டது, அந்த அடிமண்டி மாத்திரம் பல தாங்கிகளில் தங்கிவிட்டது. அக்காலத்தில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓடியவர்களும் உண்டு. டி.பி.ஏ. வகைப் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. அதற்குள் ஓடும் டீசலே அதன் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. எஞ்சின் ஓடுகிறதே என்று பார்ப்பவர், பம்பின் உள்ளே தேய்வதைக் காண்பதில்லை.

தாங்கியை முழுதாக இறக்கி, டீசலாலேயே பலமுறை அலசி, வெயிலில் காயவிட்டு, சல்லடையை மென்மையான தூரிகையால் சுத்தம் செய்து பூட்டினோம். சல்லடையை எறிந்துவிட்டு வெறும் திருகுபிடியைப் பூட்டுவோரும் உண்டு. அது அடைப்பை ஏற்றுப் பம்புக்குள்ளும் பில்டருக்குள்ளும் தள்ளிவிடுவதுதான். இரண்டு பில்டர்களையும் றப்பர் வளையங்களோடு மாற்றினோம். பழைய வளையத்தின் மேல் புதியதை வைத்துப் பூட்டிவிடாமல், தலையின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பழையதைக் கிளறி எடுக்க வேண்டும். அவசரத்தில் இரண்டு வளையங்கள் ஒன்றாகிப் புதிய எயர் வழியொன்று பிறப்பது அடிக்கடி நடக்கிறது.

எங்கள் வெயிலுக்குத் தேவைப்படாத ஒரு பொருளும் இந்த எஞ்சினில் இருக்கிறது. குளிர் நாடுகளுக்காக, காற்றுப் போகும் குழாயில் டீசலைச் சொட்டவிட்டுச் சூடாக்கும் ஓர் அமைப்புப் பூட்டப்பட்டிருக்கும். இங்கே அதைப் பெரும்பாலும் கழற்றி, அதற்குப் போகும் மெல்லிய குழாயை மடித்து அடைத்து விட்டிருப்பார்கள். அந்த அடைப்புச் சரியில்லாவிட்டால் அதுவும் எயர் பிடிக்கும் வாசல்தான். என் இயந்திரத்தில் குழாயை மடித்துக் கட்டியிருந்த இடத்தில் முறையான மூடித் திருகாணி ஒன்றை அன்றே பூட்டுவித்தேன்.

டீசல் நொசில் வரை துடித்து வந்தும், சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காத எஞ்சின் வேறு கதை. அங்கே டீசல் பாதையை விட்டுவிட்டு நெரிப்பைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது சுற்றும் ஒலி சீராக இல்லாமல், மூன்றில் ஒரு தடவை இலகுவாக ஓடுவதுபோல் கேட்டால் ஒரு சிலிண்டரில் நெரிப்புக் குறைவு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கிருந்து குப்குப்பென்று காற்றுத் தள்ளுகிறதா என்று பார்க்கலாம். தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. வால்வு இடைவெளி மிகக் குறைந்து வால்வு முழுதாக மூடாவிட்டாலும் இதே நிலைதான்; இந்த எஞ்சினில் அது குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் இருக்க வேண்டும். தகடு வைத்துப் பார்ப்பது அரை மணித்தியால வேலை, செலவில்லாதது. தண்ணீர் கலந்த டீசலும் வெள்ளைப் புகை தரும் என்பதால், பில்டரின் அடியில் இருந்து சிறிது வடித்துக் கண்ணாடிப் போத்தலில் சற்று நேரம் நிற்கவிட்டுப் பார்ப்பது நல்லது.

கறுத்த புகையோ, இழுத்து மூச்சுத் திணறும் ஒலியோ வந்தால் காற்று வடிகட்டி. எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வடிகட்டிகளில் வலிகாமத்துச் செம்மண் தூசி எண்ணெயோடு சேர்ந்து களியாகிவிடும். குறித்த கோட்டுக்கு மேல் எண்ணெய் ஊற்றினாலும் காற்று வழி அடைபடும். நீண்ட நாள் நின்ற இயந்திரத்தின் காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததையும் கண்டிருக்கிறேன்.

பம்பே உண்மையில் குற்றவாளியாக இருந்த ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்ல வேண்டும். மீசாலையில் உறவினர் ஒருவரின் இயந்திரம் சிறுபோகம் முழுவதும் கொட்டிலில் நின்றது. தாங்கியிலிருந்து தாரை நன்றாக விழுந்தது. பில்டரிலும் பம்பின் திருகாணிகளிலும் தெளிந்த டீசல் வந்தது. நொசில் நட்களில் மாத்திரம் ஒரு சொட்டும் வரவில்லை. நிறுத்தும் நெம்புகோல் சரியாக அசைந்தது. அந்த நிலையில்தான் பம்புக்குள் போகும் உரிமை வருகிறது. உள்ளே டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு வால்வு, பழைய டீசல் பிசினாகிக் காய்ந்ததில் மூடிய நிலையிலேயே ஒட்டியிருந்தது. பம்ப் திருத்துபவர் அதை அலசி விடுவித்தார். பாகம் எதுவும் மாற்றவில்லை. நிற்கப்போகும் இயந்திரத்தைக் கிழமைக்கு ஒரு முறையாவது சூடேறும்வரை ஓடவிட்டால் இது வராது. தாங்கியையும் பாதியாக வைக்காமல் நிரப்பி வைப்பது நல்லது. ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

புதிய இயந்திரங்களில் நிறுத்தும் வயருக்குப் பதிலாக மின்காந்த வால்வு இருக்கும். சாவியைத் திருப்பும்போது பம்பில் 'டிக்' என்ற சிறு ஒலி கேட்கவில்லையென்றால் அதற்குப் போகும் மின்சாரத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரு பியூஸ் போனால் போதும், எஞ்சின் நாள்முழுக்கச் சுற்றும், பிடிக்காது. கணினிக் கட்டுப்பாட்டோடு, எல்லா நொசிலுக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாயிலிருந்து டீசல் பெறும் எஞ்சின்களில், நான் மேலே சொன்ன நட் தளர்த்தும் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் பழைய எஞ்சினைவிடப் பல மடங்கு. அதற்குரிய கருவி உள்ளவரிடம் கொடுப்பதுதான் வழி. லான்ட்மாஸ்டர் போன்ற இருசில்லு இயந்திரங்களில் ஒரு சிலிண்டர், ஒரு குழாய் என்பதால் தேடல் சுருக்கம். ஆனால் தாங்கியிலிருந்து தொடங்கும் ஒழுங்கு அதேதான்.

பம்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், கழற்றுவதற்கு முன்னர் பம்பின் விளிம்புக்கும் எஞ்சினுக்கும் குறுக்காகக் கூரிய உளியால் ஒரு கோடு கீற வேண்டும். தொழிற்சாலையில் போட்ட கோடு இருந்தாலும், அது தேய்ந்திருக்கலாம், அல்லது முன்பு பூட்டியவர் அதைத் தவிர்த்து வேறிடத்தில் பூட்டியிருக்கலாம். அந்தக் கோடு திரும்பப் பொருந்தாவிட்டால் டீசல் பாயும் நேரம் மாறி, திருத்திய பம்போடு வெள்ளைப் புகை விடும் எஞ்சின்தான் மிஞ்சும். குழாய்களின் இரு முனைகளையும் சுத்தமான பொலித்தீனால் கட்ட வேண்டும். சீலையைத் திணித்தால் அதன் நூல் உள்ளே போகும். திருத்துபவரிடம் பம்பை மாத்திரம் நீட்டாமல், புகை வந்ததா, எந்தத் திருகாணிவரை டீசல் வந்தது, கானில் ஓடவிட்டபோது என்ன நடந்தது என்பவற்றை ஒரு துண்டில் எழுதிக் கூடவே கொடுக்க வேண்டும். பம்போடு நொசில்கள் மூன்றையும் கொண்டுபோய், அவை திறக்கும் அழுத்தத்தையும் சீறும் விதத்தையும் அதே இடத்தில் பார்த்துக்கொண்டால் நகரத்துக்கு இன்னொரு தடவை போக வேண்டியதில்லை.